பதினாலாவது வரி

நான் வேலை பார்க்கும் இத்தாலிய அம்மாவின், சிஞ்ஞோராவின், வீட்டுப் பின்தோட்டத்தில் மூன்று எலுமிச்சை மரங்கள், ஒரு மல்லிகைக் கொடி, சாடிகளில் ஜெரேனியம், மதிலோரமாக ஒரு விளக்குமாறு. கடைசியாகச் சொன்னதும் செடிதான். நான் மட்டும் அதை அப்படிக் கூப்பிட்டு வந்தேன். தேய்ந்துபோன ஈர்க்கு விளக்குமாற்றைத் தலைகீழாக மண்ணில் குத்திவைத்தது போல இருக்கும். இலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. கணுக்கணுவாய் மெல்லிய தண்டுகள், அவ்வளவுதான். கோடை முடியப்போகும் நாட்களில் அந்தத் தண்டுகளில் எள்ளுப் பருமனில் வெள்ளையும் ரோசாவுமாகப் பூக்கும். குனிந்து பார்த்தால்தான் பூ என்று தெரியும்.

கடைகளில் கிரானோ சரசேனோ என்று மாவாக விற்கிறார்களே, நம்மவர்கள் பக்வீட் என்கிறார்களே, அந்தத் தானியத்தின் காட்டுச் சொந்தம் இது என்றார் சிஞ்ஞோரா. சொந்தம் என்றால் ஏழைச் சொந்தம். மாவும் தராது, நிழலும் தராது. இந்த இத்தாலியத் தீவின் தெருவோரங்களில் கேட்பாரற்று முளைத்துக் கிடக்கும். அவருடைய கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கப் போகும்போது இப்படி யாருக்கும் வேண்டாத பூண்டுகளின் விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவாராம். மனிதர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் வைத்தவையும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்று.

பலெர்மோ நகரத்து லிபெர்த்தாத் தெருவில் அந்த வீட்டு வேலைக்கு நான் போன முதல் கோடையில் இந்தக் கதை எனக்குத் தெரியாது. வாடி நிற்கும் செடியைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. ஒரு வாரம் காலையும் மாலையும் அதன் அடியில் குழாயைப் பிடித்தேன். எட்டாம் நாள் சிஞ்ஞோரா ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

“அதைக் கொல்லப் பார்க்கிறாயா? அது வெயிலில் பிறந்தது. மழை வரும்வரை ஒரு சொட்டுக் கூடாது!”

கத்திவிட்டுத் தானே குந்தி, நனைந்த மண்ணைக் கையால் வாரியெடுத்து, காய்ந்த மணலையும் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் அடியைச் சுற்றிப் போட்டார். செடி தப்பியது. மூன்று வாரம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் அதைப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். உரம் வைக்கக் கூடாது. தை மாதத்தில் பழைய தண்டுகளை ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். விதை வேண்டுமானால் பூ உதிர்ந்த பின் தண்டை ஒரு காகிதத்தின் மேல் உதறினால் மூன்று மூலையுள்ள சின்ன மணிகள் விழும். கோடையில் அந்தப் பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது.

பிறகு சிஞ்ஞோராவின் இடுப்பு எலும்பு முறிந்தது. தோட்டத்துக்கு இறங்கும் ஐந்து படிகள் அவருக்கு மலையாகிவிட்டன. தோட்டம் முழுக்க என் பொறுப்பானது. ஆவணி, புரட்டாசியில் அந்த எள்ளுப் பூக்களில் ஒரு கொத்தை முறித்துக் காலைக் கோப்பியோடு தட்டில் வைத்துக் கொண்டுபோவேன். அவர் நாள் முழுக்க அதைத் தண்ணீர் இல்லாத குவளையில் மேசைமேல் வைத்திருப்பார். அந்த வீட்டில் எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று நான் நினைத்தது அந்தத் தட்டை வைத்துத்தான்.

எட்டாவது வருடம் ஆகஸ்டில் அக்காவின் மகளுக்கு மன்னாரில் கலியாணம் வந்தது. நான்கு வாரம் போக வேண்டும். இங்கே வீட்டு வேலை செய்கிற எங்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. ஊருக்குப் போகிறவர் வேலையை வெறுமனே விட்டுவிட்டுப் போகமாட்டார். சொந்தத்தில் ஒருவரைத் தன் இடத்தில் நிறுத்தி, வீட்டுக் கதவின் திறப்பைக் கொடுத்து, வந்ததும் திறப்பைத் திருப்பி வாங்குவார். சொல்லும்போது எவ்வளவு நல்லாயிருக்கிறது! ஆனால் திரும்பி வந்தபோது, ‘இவளே இருக்கட்டும், இவளுடைய கை சுத்தம்’ என்று வீட்டுக்காரி சொல்லிவிட, வாசலில் பையோடு நின்றவர்களின் கதையும் எங்களுக்குள் உலவும். கோயில் முற்றத்தில் அந்தக் கதைகளைக் கேட்டு ‘ஐயோ பாவம்’ என்று நானும் உச்சுக் கொட்டியிருக்கிறேன்.

என் இடத்தில் நிறுத்த ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. தம்பியின் மனைவி இருந்தாள், என் மச்சாள். அவளுக்கு நானும் மச்சாள்தான். மணித்தியாலக் கணக்கில் அங்குமிங்கும் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தாள். ஒப்பந்தத்தோடு ஒரு வேலை இல்லை. மாரியில் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் இந்த நாட்டில் தங்குகிற அந்தத் தாள் இழுபடும் என்ற கவலை அவளுக்கு. ஐந்து வயதில் ஒரு மகள்.

போவதற்கு முன் இரண்டு நாள் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வீட்டைப் பழக்கினேன். இரண்டாம் நாள் நான் சட்டைகளுக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து சிஞ்ஞோரா சிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டு வருடத்தில் அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தால், மச்சாள் ஏதோ தப்பான இத்தாலியச் சொல்லைச் சொல்லித் தானும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். என் இத்தாலி அவளுடையதைவிடச் சுத்தம். ஆனால் என்னோடு யாரும் சிரிப்பதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இதை மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை, வயிறு எரிந்தது.

அன்று பின்னேரம், எங்கள் ஆட்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாவில் என் வீட்டுச் சமையல் மேசையில் இருந்து, கொப்பித் தாளில் அவளுக்கு எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். மருந்து எத்தனை மணிக்கு, கோப்பிக்குச் சீனி எவ்வளவு, வெயில் ஏறமுதல் எந்தப் பக்கத்து ஜன்னல் மறைப்புகளைச் சாத்துவது, தலையணை உறையை எப்படி மடிப்பது. என்னைப் போல ஒழுங்காக எழுத யாராலும் முடியாது என்று எனக்கே ஒரு மெச்சல். பதினாலாவது வரிக்கு வந்தபோது பேனையை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன். மதிலோரத்துச் செடிக்கு ஊத்த வேண்டாம் என்று எழுத வேண்டும். ஒரு வரிதான்.

நான் எழுதியது இது: எல்லாப் பூமரங்களுக்கும் காலமையும் பின்னேரமும் தண்ணி.

செடி செத்துப்போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கொஞ்சம் வாடட்டும், சிஞ்ஞோரா ஒரு சத்தம் போடட்டும், ‘அவள் இருந்தால் இப்படி நடக்காது’ என்று ஒரு தரம் சொல்லட்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த ஒரு வரியை விழுங்கினேன்.

மன்னாரில் கலியாணம் முடிந்த மறுநாள் மச்சாள் போன் எடுத்தாள். குரலில் சந்தோசம் துள்ளியது.

“மச்சாள், சிஞ்ஞோரா தன்ரை தங்கச்சி வீட்டுக்கு என்னைக் கேட்டிருக்கிறா. ஐப்பசியிலையிருந்து. ஒப்பந்தத்தோட! பகல் வேலைதான், பின்னேரம் வீட்டை வந்திடலாம். பிள்ளையை நானே பள்ளிக்கூடத்தாலை கூட்டியரலாம்.”

தங்கச்சி வீடு இரண்டு தெரு தள்ளி. என் வேலையை அவள் பறிக்கப் போவதில்லை. எனக்கு அந்த இடத்திலேயே செடியின் நினைவு வந்தது.

“தோட்டம் எப்பிடி?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் நல்லா இருக்கு. நீங்கள் எழுதினபடி ரெண்டு நேரமும் ஊத்திறன்.”

இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்போது சொல்லியிருந்தாலும் செடி தப்பியிருக்கும். ‘மதிலோரத்துக்கு மட்டும் வேண்டாம் பிள்ளை, எழுத மறந்துபோனன்’ என்று ஒரு பொய்யோடாவது சொல்லியிருக்கலாம். ‘மறந்தீங்களா, எட்டு வருசம் பார்த்த செடியையா’ என்று அவள் மனதுக்குள்ளாவது கேட்பாளோ என்று கூச்சமாக இருந்தது. “நல்லது பிள்ளை” என்று சொல்லிப் போனை வைத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலங்களை நிறுத்துப் பார்த்தால், தாளில் விட்டதைவிட இந்த ‘நல்லது பிள்ளை’தான் கனமாக இருக்கும்.

செப்டம்பரில் வந்து பார்த்தபோது மதிலோரம் கறுத்துக் கிடந்தது. ஒரு தண்டைத் தொட்டதும் வேரோடு கையில் வந்தது. அடி அழுகிச் சாக்கடைக் கானுக்குள் கிடந்த துணி போல மணத்தது. திறப்பைத் தர வந்த மச்சாளும் பக்கத்தில் நின்றாள். விசயம் கேட்டதும் சிஞ்ஞோரா தன்னைத் தோட்டத்துக்கு இறக்கச் சொன்னார். நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் தாங்கி, ஐந்து படிகளையும் இறக்கினோம். அந்த மாதம் முழுக்க வெயிலுக்கு ஜன்னல்களைச் சாத்திவைத்திருந்ததால் அவர் தோட்டத்தைப் பார்க்கவே இல்லை. குழாய்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் எலுமிச்சைக்கு என்று நினைத்திருப்பார்.

“எவ்வளவு தண்ணீர் விட்டாய்?” என்று மச்சாளைக் கேட்டார்.

“தினமும், சிஞ்ஞோரா. காலையும் மாலையும். ஒரு நாளும் தவறவில்லை.” பெருமையாகத்தான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தாள். நான் எலுமிச்சை மரத்தைப் பார்த்தேன்.

சிஞ்ஞோரா செத்த செடியைப் பிடுங்கிப் போடச் சொன்னார். அவரை உள்ளே ஏற்றிவிட்டு வந்தோம். மச்சாள் அழுதுகொண்டே பிடுங்கினாள். “வெயிலோ மச்சாள்? நான் தண்ணி குறைச்சு ஊத்தினனோ?” என்று கேட்டாள். “ஆருக்குத் தெரியும்” என்றேன்.

அவள் போன பிறகு, சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டார். “நீ அவளுக்குச் சொல்லியிருந்தாய்தானே?”

“சொன்னேன், சிஞ்ஞோரா,” என்றேன். “மறந்திருப்பாள்.”

எனக்கு வேண்டியிருந்த வாக்கியம் கிடைத்தது. நீ இருந்திருந்தால் இப்படி நடந்திராது என்று அவர் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுதார். சொன்னதைக் கேட்காதவளை நோயாளியான தங்கையிடம் எப்படி நம்பி விடுவது என்றும் சொன்னார். அந்த வேலை வேறு யாருக்கோ போனது.

மச்சாளுக்குப் பலெர்மோவில் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. மாரி வந்தது. கடைசியில் தீவின் நடுவில் ஒரு மலை ஊரில், ஒரு முதியவரின் வீட்டிலேயே தங்கிப் பார்க்கிற வேலை கிடைத்துப் போனாள். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு வருவாள். காலை பஸ்ஸில் வந்து பின்னேர பஸ்ஸில் போய்விடுவாள். தம்பிக்கு உணவகத்தில் வேலை. அதனால் பள்ளி விட்டதும் பிள்ளை என் வீட்டுக்கு வருவாள். நான் சோறு கொடுப்பேன். முதல் பல் விழுந்தபோது என் மேசையில் விழுந்தது. தாயிடம் காட்ட அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு ஒன்பது நாள் வைத்திருந்தாள். “மாமி, தொமேனிகா வர இன்னும் எத்தினை நாள்?” என்று ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பாள். நான் விரல் விட்டுச் சொல்வேன். ‘மச்சாள் எவ்வளவு நல்லவ, பிள்ளையைத் தன் பிள்ளை மாதிரிப் பாக்கிறா’ என்று அவள் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள். கோயிலில் நாலு பேர் அதை என்னிடமே வந்து சொன்னார்கள்.

இப்படி மூன்று வருடம் போனது. கடந்த ஜூனில் ஒரு நாள் அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. படத்தில் ஒரு தக்காளித் தகரம். அதில் ஒரு முழ உயரத்தில் தண்டு தண்டாக ஒரு விளக்குமாறு.

“மச்சாள், சிஞ்ஞோரா வீட்டை செத்துப்போன அந்தக் கண்டு நினைவிருக்கோ? பிடுங்கேக்கை அதிலையிருந்து விழுந்த விதையைக் கொஞ்சம் பொறுக்கி வைச்சனான். போன மாரி போட்டுப் பாத்தன். மூண்டு முளைச்சு ஒண்டு மிஞ்சி நிக்குது. இப்ப வெயில் துவங்க அடி மஞ்சளிக்குது. தண்ணி காணாதோ, கூடிப்போச்சோ? நீங்கள் கன வருசம் அந்தத் தோட்டத்தைப் பாத்தனீங்கள், அதுதான் கேக்கிறன். பெரிசா வந்தால் சிஞ்ஞோராவிட்டைக் கொண்டுபோய்க் குடுத்து மன்னிப்புக் கேக்கவேணும். என்ரை கையாலதானே போனது.”

இரண்டு நாள் நான் பதில் போடவில்லை. பதில் போடாவிட்டால் போதும் என்று எனக்குத் தெரியும். அவள் தன் புத்திப்படி இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள், செடி செத்துப்போகும், சிஞ்ஞோராவிடம் அவள் போகமாட்டாள், அவர், ‘உனக்குத்தான் இவள் அன்றைக்கே சொன்னாளே’ என்று கேட்கமாட்டார். எல்லாம் மூடிக்கொள்ளும். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, முதல் தடவையைப் போலவே. இரண்டு நாளும் பிள்ளை என் மேசையில் இருந்து சாப்பிட்டாள். மூன்றாம் நாள் அவளுக்குச் சோறு போட்டுவிட்டுப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் எடுத்தேன்.

“ஊத்தாதையும்,” என்றேன். “மழை வருமட்டும் ஒரு சொட்டும் வேண்டாம். நனைஞ்ச மண்ணை எடுத்துப்போட்டு மணல் போடும்.”

“ஆர் சொன்னது?”

“சிஞ்ஞோரா.”

“எப்ப?”

“நான் வேலைக்குப் போன முதல் வருசம்.”

அந்தப் பக்கம் முதியவரின் தொலைக்காட்சிச் சத்தத்தை அவள் குறைப்பது கேட்டது.

“அப்ப நீங்கள் எழுதேக்கை மறந்துபோனியள் என்ன?” என்றாள்.

அவளாகவே கதவைத் திறந்துவிட்டாள். ஓம் என்று சொல்லி அதற்குள்ளால் நான் வெளியே போயிருக்கலாம்.

“இல்லைப் பிள்ளை. மறக்கேல்லை,” என்றேன். “பிறகு சிஞ்ஞோராவிட்டை, உமக்குச் சொன்னனான் எண்டும் சொன்னனான்.”

அவள் சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“நீங்கள் எழுதித் தந்த தாள் இன்னும் என்னட்டை இருக்கு மச்சாள்,” என்றாள் மெதுவாக. “இஞ்சை வந்த நாள்தொடக்கம் குசினிச் சுவரிலை ஒட்டி வைச்சு, அதைப் பாத்துத்தான் வேலை செய்யிறன். உங்களை மாதிரி ஒழுங்காச் செய்யவேணும் எண்டு.” தொடர்ந்து, “அந்த மாசம் முழுக்க சிஞ்ஞோரா உங்களைத்தான் கேட்டவ. கோப்பி அவள் போடுற மாதிரி இல்லை, எப்ப வாறாள் எண்டு. நான் சிரிச்சுக்கொண்டு இன்னும் இத்தினை நாள், இத்தினை நாள் எண்டு சொல்லுவன்.”

பிறகு சொன்னாள்: “கண்டை உங்கடை தம்பியிட்டைக் குடுத்து விடுறன். சிஞ்ஞோராவிட்டை நீங்களே குடுங்கோ. எப்பிடிச் செத்ததெண்டும் நீங்களே சொல்லுங்கோ.” முதியவருக்கு மருந்து நேரம் என்று வைத்துவிட்டாள்.

தம்பி அடுத்த முறை அவளைப் பார்க்கப் போய்வந்தபோது, தகரத்தை ஒரு பையோடு கொண்டுவந்து என் பால்கனியில் வைத்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவள் சொல்லியிருக்கவில்லை. கோடையில் நடக்கூடாது, மழை வரட்டும் என்று நான் காத்திருந்தேன். உண்மைதான், கோடையில் நடக்கூடாது. ஒரு கோழைக்கு அதைவிட நல்ல சாக்கும் கிடைக்காது. ஜூலை, ஆகஸ்ட் முழுக்க அது என் துணிக்கொடியின் கீழ் வெயிலில் நின்றது. ஒரு சொட்டு ஊற்றாமல் அதைக் காப்பாற்றினேன். செப்டம்பரில் பூத்தது. ஒரு கொத்தை முறிக்கக் கை போனது. முறிக்கவில்லை.

ஒக்டோபரில் முதல் மழை பெய்தது. மறுநாள் தகரத்தைப் பையோடு மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனேன். சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்டுகளைக் கையால் தடவினார். “எங்கே கிடைத்தது?” என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததாலோ என்னவோ, இத்தாலியில் ஒரு பிழையும் வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய தங்கை போன வருடம் இறந்துவிட்டார். கடைசிக் காலத்தில் அந்த வீட்டில் எந்த ஆளும் நிலைக்கவில்லை.

“என் தங்கைக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது,” என்றார். “இரண்டு தடவை கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன்.”

பிறகு, செடியை அதன் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார். என் வேலை போகவில்லை. கோப்பியைக் கொண்டுபோய் வைத்தால் எடுத்துக் குடிக்கிறார். நன்றி என்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மதிலோரத்தில் குழி தோண்டி, மணலும் ஓட்டுத் துண்டும் போட்டுவிட்டு, பையிலிருந்து தகரத்தை வெளியே எடுத்தேன். பையின் அடியில் ஒரு தாள் மடித்துக் கிடந்தது. கொப்பித் தாள், நாலு மூலையிலும் ஒட்டுநாடா கிழிந்த அடையாளம், எண்ணெய்ப் புள்ளிகள். என் கையெழுத்து. ஏதாவது திட்டி எழுதியிருப்பாள் என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அவள் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. சுவரிலிருந்து கழற்றித் திருப்பித் தந்திருந்தாள்.